சைன், காஸ் தொகையீடுகளைப் பிரதியிட்டுப் போடுவது எப்படி? எச்.எஸ்.சி. எழுதுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மொரிஷியஸில் லோயர் சிக்ஸ் வரை கணக்கில் சிரமமில்லாமல் வந்துவிட்டு, எச்.எஸ்.சி. என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதும் அப்பர் சிக்ஸில் தொகையிடல் (இன்டெக்ரேஷன்) தொடங்கியதும் திணறுகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ரோஸ்ஹில்லில் படித்த காலத்தில் நானும் இதே பாடத்தோடு மல்லுக்கட்டியவன்தான். வினாத்தாள் ஆங்கிலத்தில், விளக்கம் பாதி கிரியோலில். தமிழில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் கிடையாது. பலகையில் 'காஸ் θ = உ என்று வைத்துக்கொள்' என்று வரும், அடுத்த மூன்று வரியில் விடையும் வந்துவிடும். ஏன் காஸ், ஏன் சைன் கூடாது என்பதுதான் கடைசிவரை புரியாது. அது புரியாமல் நூறு கணக்குப் போட்டாலும் நூற்றியோராவது கணக்கில் நிற்க வேண்டியதுதான். புரிந்துவிட்டால் இந்த அத்தியாயம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும்.

குறியீடு பற்றி ஒரு வார்த்தை. வினாத்தாளில் எக்ஸ் என்று வருவதை இங்கே 'அ' என்றும், யூ என்று வருவதை 'உ' என்றும் எழுதுகிறேன். கோணத்துக்கு θ. டிஅ, டிஉ, டிθ என்பவை தொகையீட்டின் கடைசியில் நிற்கும் அந்தச் சின்னத் துண்டுகள். தேர்வில் வழக்கமான ஆங்கில எழுத்துகளையே எழுதுங்கள்.

1. கையில் என்னென்ன இருக்க வேண்டும்

எச்.எஸ்.சி.க்கு நாம் எழுதும் கேம்பிரிட்ஜ் 9709 கணிதத்தில் இந்தப் பகுதி மூன்றாம் தாளில் வருகிறது. தேர்வு அறையில் எம்எஃப்19 என்ற சூத்திரப் பட்டியலைத் தருவார்கள். அதை இப்போதே அச்செடுத்து மேசையில் வைத்துக்கொண்டு பழகுங்கள். எது அதில் இருக்கிறது, எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்திருந்தால் தேர்வில் புரட்டிக்கொண்டிருக்க வேண்டாம். இரட்டைக் கோணச் சூத்திரங்கள் அதில் உண்டு. 1 + டேன்²θ = செக்²θ உண்டு. செக்²-இன் தொகையீடு டேன் என்பதும் உண்டு. தொகுதியில் இருப்பது பகுதியின் வகைக்கெழுவாக (டெரிவேட்டிவ்) இருந்தால் விடை லன் (இயல் மடக்கை) என்ற விதியும் உண்டு.

ஆனால் சைன்²θ = ½(1 − காஸ் 2θ) என்று நமக்கு வேண்டிய வடிவத்தில் நேராக எழுதியிருக்காது. காஸ் 2θ = 1 − 2 சைன்²θ என்பதிலிருந்து நாம்தான் திருப்பி எடுக்க வேண்டும். இந்த ஒரு திருப்பத்தையும், காஸ்²θ = ½(1 + காஸ் 2θ) என்பதையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். நான் மனப்பாடம் செய்யச் சொல்வது இவ்வளவுதான்.

கால்குலேட்டர் சாதாரண சயின்டிஃபிக் வகை போதும். வரைபடம் வரைகிற கால்குலேட்டருக்கும், எழுத்துகளை வைத்தே வகையிட்டுத் தொகையிடுகிற கால்குலேட்டருக்கும் இந்தத் தேர்வில் அனுமதி இல்லை. கடைக்காரர் விலை உயர்ந்ததைக் காட்டினால் வாங்கிவிடாதீர்கள்.

செலவு என்று பார்த்தால் ஒரு நோட்டு, பழைய வினாத்தாள்களின் ஜெராக்ஸ், அவற்றுக்கான மதிப்பெண் திட்டம். இந்த அத்தியாயத்துக்கென்று இன்னொரு டியூஷன் சேர வேண்டாம். ஏற்கெனவே பள்ளி விட்டதும் பஸ் பிடித்து ஓடுகிற பிள்ளைகளுக்கு இன்னொரு டியூஷனைவிட, வீட்டில் தனியாக உட்கார்ந்து எழுதுகிற ஒரு மணி நேரம்தான் தேவை.

2. முதலில் டிஉ-வைப் பிடியுங்கள்

எல்லோரும் 'எதை உ என்று வைப்பது?' என்றுதான் யோசிக்கிறார்கள். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: இதில் எந்தத் துண்டு டிஉ ஆகப் போகிறது? அதை ஒதுக்கி வைத்துவிட்டால் உ தானாக வந்து நிற்கும்.

இதைப் பாருங்கள்:

∫ சைன்³θ காஸ்²θ டிθ

டிஉ ஆகக்கூடிய துண்டுகள் இரண்டு. ஒன்று சைன் θ டிθ. அது காஸ் θ-வின் வகைக்கெழு, குறி மட்டும் மாறும். மற்றது காஸ் θ டிθ. அது சைன் θ-வின் வகைக்கெழு. ஒவ்வொன்றாக ஒதுக்கிப் பார்ப்போம்.

காஸ் θ-வை ஒதுக்கினால் மிச்சம் சைன்³θ காஸ் θ. உ = சைன் θ என்று வைத்தால் சைன்³θ என்பது உ³ ஆகிவிடும். ஆனால் மீந்து நிற்கும் ஒற்றைக் காஸ் θ-வை √(1 − உ²) என்றுதான் எழுத முடியும். வர்க்கமூலம் உள்ளே வந்துவிட்டது. இந்த வழி வேண்டாம்.

சைன் θ-வை ஒதுக்கினால் மிச்சம் சைன்²θ காஸ்²θ. உ = காஸ் θ. சைன்²θ என்பது 1 − உ². எல்லாம் சுத்தமாக உ-வுக்கு மாறிவிட்டது. டிஉ = −சைன் θ டிθ என்பதால்,

−∫ (1 − உ²) உ² டிஉ = −உ³/3 + உ⁵/5 + மாறிலி

திருப்பி எழுதினால் காஸ்⁵θ/5 − காஸ்³θ/3 + மாறிலி.

ஏன் காஸ் என்ற கேள்விக்கு இதுதான் பதில். சைனின் அடுக்கு 3, ஒற்றைப்படை. அதிலிருந்து ஒன்றை டிஉ-வுக்குக் கொடுத்துவிட்டால் மிச்சம் இரட்டைப்படை. இரட்டைப்படை அடுக்கை முற்றொருமை வழியாக வர்க்கமூலம் இல்லாமல் மாற்றிவிடலாம். ஆக, எதன் அடுக்கு ஒற்றைப்படையோ அதிலிருந்து ஒன்றை எடுத்து டிஉ-வுக்குக் கொடுங்கள், மற்றது உ. இரண்டுமே ஒற்றைப்படை என்றால் எப்படிப் போட்டாலும் வரும்; சின்ன அடுக்கிலிருந்து எடுத்தால் விரிக்கிற வேலை குறையும்.

9709 தேர்வில் எந்தப் பிரதியீடு என்று வினாவே சொல்லிவிடும், பிறகு எதற்கு இதெல்லாம் என்று கேட்பீர்கள். சொல்லிவிட்டாலும், எந்தத் துண்டு டிஉ ஆகிறது என்று தெரியாதவர்கள் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடுகிறார்கள். ஃபர்தர் மேத்ஸ் எடுப்பவர்களும், ரெட்வீயில் பல்கலைக்கழகத்துக்குப் போய் இஞ்சினியரிங் படிப்பவர்களும் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

3. மூன்றையும் மாற்றுங்கள்

பிரதியிட்டதும் மாற வேண்டியவை மூன்று: உள்ளே இருக்கும் சார்பு, கடைசியில் இருக்கும் டிθ, மேலும் கீழும் இருக்கும் எல்லைகள். முதல் இரண்டை மாற்றிவிட்டு எல்லைகளை அப்படியே விட்டுவிடுவது யூரோவில் விலை பார்த்துவிட்டு அதே எண்ணை ரூபாயில் எண்ணிக் கொடுப்பதைப் போன்றது.

மேலே போட்ட கணக்கையே 0 முதல் π/2 வரை எடுத்துக்கொள்வோம். θ = 0 என்றால் உ = காஸ் 0 = 1. θ = π/2 என்றால் உ = 0. அதாவது புதிய தொகையீடு கீழே 1, மேலே 0 என்று தலைகீழாக நிற்கும்:

−∫ (உ² − உ⁴) டிஉ, கீழ் எல்லை 1, மேல் எல்லை 0

தலைகீழாக இருக்கிறதே என்று பயந்து சத்தமில்லாமல் மாற்றி எழுதிவிடாதீர்கள். எல்லைகளை இடம் மாற்றினால் குறியும் மாறும். முன்னால் இருக்கும் கழித்தல் குறி அதோடு போய்விடும். விடை 1/3 − 1/5 = 2/15.

நோட்டில் எழுதும்போது பக்கத்தின் வலது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, மூன்று வரி எழுதும் பழக்கம் வையுங்கள்: உ = என்ன, டிஉ = என்ன, பழைய எல்லை எந்தப் புதிய எல்லையாகிறது. கேம்பிரிட்ஜ் திருத்தும் முறையில் வழிமுறைக்குத் தனி மதிப்பெண் உண்டு. கடைசி எண் தப்பிப்போனாலும் இந்த மூன்று வரி உங்களுக்கு மதிப்பெண் வாங்கித் தரும்.

எல்லைகளை மாற்றிவிட்டீர்கள் என்றால் மறுபடி θ-வுக்குத் திரும்பிப் போகாதீர்கள். உ-விலேயே முடித்துவிடுங்கள்.

4. இரண்டு அடுக்கும் இரட்டைப்படை என்றால்

பிரதியிடல் உதவாது. சைன்²θ-வில் சைன் θ-வை ஒதுக்கினால் இன்னொரு சைன் θ தனியாக மிஞ்சி வர்க்கமூலமாகிவிடும். இங்கே இரட்டைக் கோணம்தான் வழி.

∫ சைன்²θ காஸ்²θ டிθ என்பதில், சைன் θ காஸ் θ = ½ சைன் 2θ. இரண்டையும் சேர்த்து வர்க்கித்தால் ¼ சைன்²2θ. அதை மறுபடி திருப்பினால் ⅛(1 − காஸ் 4θ). தொகையிட்டால் θ/8 − (சைன் 4θ)/32 + மாறிலி. கடைசி வகுத்தலில் 8-ஐ 4-ஆல் பெருக்க மறந்துவிடாதீர்கள். நிறையப் பேர் அங்கே வழுக்குகிறார்கள்.

5. டேனும் செக்கும்

இங்கேயும் அதே கேள்விதான். டிஉ ஆகக்கூடியவை இரண்டு: செக்²θ டிθ (உ = டேன் θ), செக் θ டேன் θ டிθ (உ = செக் θ).

செக்கின் அடுக்கு இரட்டைப்படை என்றால் செக்²-ஐ ஒதுக்குங்கள். ∫ செக்⁴θ டிθ, 0 முதல் π/4 வரை: உ = டேன் θ, மிச்சம் 1 + உ², எல்லை 0 முதல் 1, விடை 4/3. டேனின் அடுக்கு ஒற்றைப்படையாக இருந்து கூடவே செக்கும் இருந்தால் செக் டேன்-ஐ ஒதுக்குங்கள்.

டேன்³θ தனியாக வந்தால்? டிஉ எதுவும் கண்ணுக்குத் தெரியாது. டேன்² ஒன்றைப் பிரித்து செக்² − 1 என்று எழுதினால் வந்துவிடும்:

∫ டேன்³θ டிθ = ∫ டேன் θ செக்²θ டிθ − ∫ டேன் θ டிθ

முதல் பாதி உ = டேன் θ. இரண்டாம் பாதியில் டேன் என்பதை சைன்/காஸ் என்று எழுதினால் லன் விதி. 0 முதல் π/4 வரை ½ − ½ லன் 2.

6. வர்க்கமூலம் வந்தால் திசையைத் திருப்புங்கள்

இதுவரை கோணத்தை உ ஆக மாற்றினோம். √(4 − அ²) போன்றவற்றில் தலைகீழாக, அ-வைக் கோணமாக மாற்றுகிறோம். க ஒரு மாறிலி என்றால், க² − அ² வந்தால் அ = க சைன் θ. க² + அ² வந்தால் அ = க டேன் θ. அ² − க² வந்தால் அ = க செக் θ. மூன்றிலும் நோக்கம் ஒன்றே: இரண்டு உறுப்பு ஒரே வர்க்கமாகி வர்க்கமூலம் கழன்றுவிட வேண்டும்.

∫ √(4 − அ²) டிஅ, 0 முதல் 1 வரை.

அ = 2 சைன் θ. டிஅ = 2 காஸ் θ டிθ. அ = 0 என்றால் θ = 0; அ = 1 என்றால் சைன் θ = ½, θ = π/6. வர்க்கமூலம் 2 காஸ் θ ஆகிறது (இந்த இடைவெளியில் காஸ் நேர்க்குறி என்பதால்). ஆக ∫ 4 காஸ்²θ டிθ. இரட்டைக் கோணம் போட்டால் ∫ (2 + 2 காஸ் 2θ) டிθ = 2θ + சைன் 2θ. எல்லைகளைப் போட்டால் π/3 + √3/2.

இந்தக் கணக்கை நான் விரும்புவதற்குக் காரணம், படம் வரைந்தே சரிபார்க்கலாம். √(4 − அ²) என்பது ஆரம் 2 உள்ள வட்டத்தின் மேல்பாதி. 0 முதல் 1 வரை அதன் கீழே உள்ள பரப்பை வட்ட மையத்திலிருந்து ஒரு ஆரம் இழுத்து இரண்டாக வெட்டுங்கள். ஒன்று π/6 கோணமுள்ள வட்டக்கோணப் பகுதி: ½ × 4 × π/6 = π/3. மற்றது அடி 1, உயரம் √3 உள்ள செங்கோண முக்கோணம்: √3/2. விடையின் இரண்டு உறுப்பும் படத்தில் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிகின்றன. ஒரு முறையாவது வரைந்து பாருங்கள். பிரதியீட்டில் வரும் θ எங்கிருந்து வருகிறது என்பது அப்போது விளங்கிவிடும்.

எல்லைகள் இல்லாத கணக்கு என்றால் கடைசியில் அ-வுக்குத் திரும்ப வேண்டும். அதற்கு ஒரு செங்கோண முக்கோணம் வரையுங்கள். ∫ டிஅ / (அ² √(4 − அ²)) என்பதில் அதே பிரதியீடு ¼ ∫ கோசெக்²θ டிθ என்று சுருங்கி −¼ காட் θ தரும். சைன் θ = அ/2 என்பதால் எதிர்ப்பக்கம் அ, கர்ணம் 2, அடுத்த பக்கம் √(4 − அ²). காட் θ = √(4 − அ²)/அ. விடை −√(4 − அ²)/(4அ) + மாறிலி.

7. மாட்டிக்கொள்ளும் இடங்கள்

முதல் பொறி கொஞ்சம் ஆழமானது. ∫ காஸ்²θ டிθ, 0 முதல் π வரை. இதில் ஒருவர் உ = சைன் θ என்று வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சைன் 0 = 0, சைன் π = 0. எல்லைகள் 0 முதல் 0. ஆக விடை 0! ஆனால் காஸ்² எங்கேயும் எதிர்க்குறியாக இல்லை, பரப்பு எப்படிப் பூச்சியமாகும்? உண்மையான விடை π/2. என்ன நடந்தது என்றால், மீந்த காஸ் θ-வை √(1 − உ²) என்று எழுதியபோது அது எப்போதும் நேர்க்குறி என்று எடுத்துக்கொண்டோம். π/2 தாண்டியதும் காஸ் எதிர்க்குறி. எல்லைகளுக்கு நடுவே உ ஏறிவிட்டு மறுபடி இறங்குகிறதா என்று பாருங்கள். அப்படி இருந்து, காஸை வர்க்கமூலமாக எழுதவும் வேண்டி வந்தால் π/2-வில் வெட்டி இரண்டு தொகையீடாகப் போடுங்கள், அல்லது இரட்டைக் கோணத்துக்குப் போய்விடுங்கள்.

இரண்டாவது, பின்பக்க விடையோடு ஒத்துப்போகவில்லை என்ற பதற்றம். ∫ சைன் θ காஸ் θ டிθ என்பதற்கு ½ சைன்²θ, −½ காஸ்²θ, −¼ காஸ் 2θ மூன்றுமே சரி. ஒன்றுக்கொன்று ஒரு மாறிலிதான் வித்தியாசம். சரியான விடையை அடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கி நேரம் போக்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் உங்கள் விடையை வகையிட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் இருந்தது திரும்பி வந்தால் விட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போங்கள்.

மூன்றாவது, டிகிரி. நுண்கணிதத்தில் கோணம் ரேடியன்தான். இயந்திரவியல் தாளுக்காகக் கால்குலேட்டரை டிகிரியில் வைத்திருப்பீர்கள், அப்படியே இங்கே வந்துவிடுவீர்கள். தாளைத் திறந்ததும் முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

இன்னொன்று: எண் மதிப்பாகத் தொகையிடும் பொத்தான் உங்கள் கால்குலேட்டரில் இருந்தால் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். வழி காட்டாமல் கால்குலேட்டர் விடையை மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடையாது என்று வினாத்தாளின் முகப்பிலேயே போட்டிருக்கிறது. 'எக்ஸாக்ட்' என்று கேட்டிருந்தால் π, √, லன் எல்லாம் அப்படியே நிற்க வேண்டும்; தசமத்தில் எழுதினால் போச்சு. 'ஹென்ஸ்' என்று தொடங்கினால் முந்தைய பகுதியில் நிரூபித்ததைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும்.

8. நேரம்

மூன்றாம் தாள் 75 மதிப்பெண், 1 மணி 50 நிமிடம். மதிப்பெண்ணுக்குச் சுமார் ஒன்றரை நிமிடம். 7 மதிப்பெண் தொகையீட்டுக்குப் பத்து நிமிடம். அதைத் தாண்டினால் இடம் விட்டுவிட்டு நகருங்கள்.

தேர்வு அக்டோபர், நவம்பரில். ஆகஸ்டில் தொடங்கினால்கூடப் போதும், ஆனால் வரிசை முக்கியம். முதல் வாரம் முழுக்கத் தொகையிடவே வேண்டாம். முற்றொருமைகளை மாற்றி மாற்றி எழுதுங்கள், வகைக்கெழுக்களைப் பார்க்காமல் எழுதுங்கள். இரண்டாம் வாரம் கணக்குகளை முடிக்காதீர்கள்: ஒவ்வொன்றையும் பார்த்து, டிஉ எது, உ எது, புதிய எல்லை எது என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரே மாலையில் இருபது கணக்குப் பார்த்துவிடலாம். மூன்றாம் வாரத்திலிருந்து தினமும் மூன்று கணக்கு முழுதாக, கடிகாரம் வைத்து. இது லோரியாட் (எச்.எஸ்.சி.யில் முன்னிலையில் வந்து அரசு உதவித்தொகை வாங்குபவர்) ஆகப் போகிறவர்களுக்கு மட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாதாரணமாகப் படிக்கிற பிள்ளைகள் இந்த வரிசையில் வந்து போட்டிருக்கிறார்கள்.

9. போட்டுப் பாருங்கள்

அ) ∫ காஸ்⁵θ டிθ, 0 முதல் π/2 வரை. விடை 8/15.

ஆ) ∫ டேன் θ செக்³θ டிθ, 0 முதல் π/3 வரை. விடை 7/3.

இ) ∫ டிஅ / (1 + அ²)², 0 முதல் 1 வரை. விடை π/8 + ¼.

ஈ) ∫ டிஅ / (9 + அ²)^(3/2), 0 முதல் 3 வரை. விடை √2/18.

உ) ∫ சைன் 2θ / (1 + சைன்²θ) டிθ, 0 முதல் π/2 வரை. விடை லன் 2.

கடைசிக் கணக்கில் அடுக்கை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். பகுதியை வகையிட்டுப் பாருங்கள்: 2 சைன் θ காஸ் θ வரும். மேலே நிற்கும் சைன் 2θ அதேதான்.